வெறும் வயிற்றுக்கு எந்தத் தண்ணீர்?

*சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான், ‘வாட்டர் ஃபாஸ்டிங்’... சோறு இல்லாத நாளில் சொம்பில் என்ன இருக்க வேண்டும்?*

திருச்செந்தூர். கந்த சஷ்டியின் மூன்றாம் நாள் காலை. கடற்காற்றில் முகமெல்லாம் பிசுபிசுக்கிறது. கோயிலைச் சுற்றிப் போட்டிருக்கும் கொட்டகைகளில் கால் வைக்க இடமில்லை. பச்சை உடுத்திய கூட்டம், ஈரத் தலையோடு பாயில் உட்கார்ந்திருக்கிறது. மிளகு விரதம் இருக்கும் ஒரு பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இன்றைக்கு மூன்று. உள்ளங்கையில் வைத்துச் சரிபார்த்து வாயில் போட்டுக்கொண்டு, நாலு குடும்பம் சேர்ந்து வாங்கிய இருபது லிட்டர் கேனைச் சொம்பில் சரிக்கிறார்.

“அத்தே, கேன் தண்ணியக் குடிக்காதீங்க. அதுல சத்தே கெடையாதாம், போன்ல சொல்லுதாங்க” என்று மருமகள் தடுக்கிறார். அவர் பையில் வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுவந்த சீரகத் தண்ணீர் இருக்கிறது. பக்கத்துப் பாய்க்காரர் செம்புப் பாட்டிலை நீட்டுகிறார்.

“ஆறு நாளைக்குச் சோறே வேண்டாம்னு உக்காந்திருக்கேன். தண்ணியில என்னட்டி சத்து?”

கொட்டகையே சிரிக்கிறது. ஆனால், பெரியம்மா கேட்டது சரியான கேள்வி.

ஒரு சொம்பு, ஒன்பது யோசனை

‘பச்சைத் தண்ணி பல்லில் படாமல்’ இருப்பதுதான் ஒரு காலத்தில் விரதத்தின் உச்சம். அதற்கு அடுத்த படியில் தண்ணீர் மட்டும், பிறகு பால் பழம், கடைசியாக ஒருபொழுது. அன்றைக்கு எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது; அவ்வளவுதான்.

இப்போது ஒரே வீட்டில் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன், ஆர்.ஓ. மெஷின், செம்புக் குடம் எல்லாம் இருக்கின்றன. விரதங்களும் பெருகிவிட்டன. அம்மாவுக்கு ஏகாதசி, மகனுக்கு பதினாறு மணி நேர ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’, மாமாவுக்கு மூன்று நாள் ‘வாட்டர் ஃபாஸ்டிங்’. ஆர்.ஓ. விஷம், செம்பு அமிர்தம், ஆல்கலைன்தான் மருந்து, எலுமிச்சை பிழிந்தால் விரதம் முறிந்தது, பிழியாவிட்டால் மயக்கம் வரும் என்று ஆளுக்கொரு வீடியோ. கேட்பவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்.

மதங்கள் இதில் தெளிவாகவே இருந்தன. சமணர்கள் உபவாசத்தில் காய்ச்சிய நீரை மட்டும், அதுவும் பகலில் மட்டும், குடிப்பார்கள். அதையும் விடுவது கடுமையான வகை. ரம்ஜான் நோன்பில் விடியலுக்கு முன்பிருந்து சூரியன் மறையும்வரை ஒரு மிடறும் இல்லை. வைணவர்களுக்கு நிர்ஜல ஏகாதசி என்று ஆண்டுக்கு ஒன்று. மற்ற ஏகாதசிகளில் துளசித் தீர்த்தத்துக்குத் தடையில்லை. கத்தோலிக்கர்கள் நற்கருணை வாங்குமுன் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றிருந்ததை 1953-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் தளர்த்தினார். தண்ணீர் உண்டா, இல்லையா? அதுதான் இவர்களுக்கெல்லாம் கேள்வி. எந்த வகை என்ற கேள்வியை நம் காலத்துச் சந்தை சேர்த்தது.

உள்ளே நடப்பது

நாம் குடிக்கும் தண்ணீர் மட்டும் நம் தண்ணீர்க் கணக்கு அல்ல. உடம்புக்குத் தினமும் போய்ச் சேரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உணவு வழியாக வருகிறது. சாம்பார், ரசம், மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் நமக்கு அது இன்னும் கூடவே இருக்கும். இலையை மடக்கியதும் அந்த வரவு நின்றுவிடுகிறது.

அடுத்து, கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரையத் தொடங்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு கரைந்தால் அந்தத் தண்ணீரும் வெளியே. கூடவே இன்சுலின் இறங்குகிறது. இறங்கியதும் சிறுநீரகம் சோடியத்தை, அதாவது உப்பை, வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. ‘ரெண்டே நாள்ல ரெண்டு கிலோ குறைஞ்சேன்’ என்று எடை மெஷினைப் படமெடுத்து அனுப்புகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். கொழுப்பு இன்னும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாளில் எழுந்து நின்றால் கண் இருட்டுவதும், தலை கனப்பதும், கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் பசியால் மட்டும் வருவதல்ல. போன உப்பின் பங்கும் அதில் உண்டு. இந்த உப்பை எந்தத் தண்ணீர் திருப்பிக் கொடுக்கும்? கணக்குப் போட்டால் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

சாதாரணக் குடிநீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் சோடியம் இருக்கலாம். ஒரு டீஸ்பூன் கல்லுப்பிலோ பொடியுப்பிலோ சுமார் இரண்டாயிரம் மில்லிகிராம். ஆக, இந்தப் பாட்டிலுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு விரலால் கிள்ளும் உப்புக்கு ஈடாகாது. கால்சியமும் இதே கதைதான். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000 மி.கி. பாட்டில் தண்ணீரில் லிட்டருக்கு 20 மி.கி. இருந்தால், இரண்டு லிட்டர் குடித்தாலும் 40 மி.கி.தான். ஒரு தம்ளர் பாலில் 200 மி.கி.க்கு மேல்.

அந்த வகையில் பெரியம்மா சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி கிராமத்து போர் தண்ணீரில் இருக்கிறது. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத கடினத் தண்ணீரில் லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல் கால்சியம் இருப்பது சாதாரணம். நாம் மட்டம் தட்டுகிற தண்ணீர்தான் ‘சத்துள்ள’ தண்ணீர்!

■ எண்கள் சொல்வது
இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 (2012)
• கரைந்த திடப்பொருள்கள் (டி.டி.எஸ்.): லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை
• மொத்தக் கடினத்தன்மை: 200, வேறு வழியில்லாதபோது 600
• ஃபுளூரைடு: 1, வேறு வழியில்லாதபோது 1.5
• நைட்ரேட்: 45. இதற்கு மேல் தளர்வு கிடையாது
• பி.எச்.: 6.5 முதல் 8.5 வரை
கேன், பாட்டில் குடிநீருக்கான தனித் தரம் ஐ.எஸ். 14543. இயற்கையான ‘மினரல் வாட்டர்’ என்றால் ஐ.எஸ். 13428. கடையில் ‘மினரல் வாட்டர்’ என்று கேட்டு நாம் வாங்குவது பெரும்பாலும் முதல் வகைதான்.

ஆர்.ஓ.வும் கேனும்

கேன் போட வரும் தம்பிகள் சிலர் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறார்கள். தம்ளரில் முக்கி, “நாப்பத்தஞ்சு, பாருங்க சார்” என்று காட்டுவார்கள். குழாய்த் தண்ணீரில் முக்கினால் 350 காட்டும். வீட்டுக்காரர் முகம் மாறும், வியாபாரம் முடிந்தது.

அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவை மட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 350 காட்டலாம், நல்ல ஆற்றுத் தண்ணீரும் 350 காட்டலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல், டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வே வேண்டாம் என்று தடை கொண்டுவரச் சொன்னது. அதற்குப் பிறகும் நம் சமையலறைச் சுவரில் ஒரு மெஷின் குறையவில்லை.

ஆர்.ஓ. சவ்வு கரைந்த உப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடித்துவிடுகிறது. தாது நீக்கிய நீரையே காலமெல்லாம் குடிப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட தொகுப்பு கவலை தெரிவித்தது உண்மைதான். அது வருடக்கணக்கான பழக்கத்தைப் பற்றியது. ஒரு நாள் ஏகாதசிக்கு ஆர்.ஓ. குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. வயிற்றில் வேறெதுவும் போகாமல் பல நாள் அதையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதுதான் சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

விரத நாளில் தண்ணீருக்கு முதல் தகுதி சுத்தம். சும்மா இருக்கும் நாளில் வயிற்றுப்போக்கு வந்தால் கஞ்சியும் மோரும் குடித்துத் தேறிவிடலாம். விரதத்தில் ஏற்கெனவே உப்பும் நீரும் போய்க்கொண்டிருக்கும்போது வயிறும் கழன்றால், இரண்டு பக்கமும் இழப்பு. திருவிழாக் கூட்டத்தில் கேன் வாங்குகிறவர்கள் சத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தேதி அச்சிட்டிருக்கிறதா, உரிம எண் இருக்கிறதா, கேன் வெயிலில் கிடந்ததா என்று பார்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் குடிநீரை 2024-இல் ‘அதிக ஆபத்துள்ள’ உணவு வகையில் சேர்த்திருப்பதும் சும்மா இல்லை.

சந்தேகமாக இருந்தால் கொதிக்க வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், கிருமி போய்விடும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது தண்ணீரின் கடினத்தன்மையில் ஒரு பங்கு. ஃபுளூரைடும் நைட்ரேட்டும் கொதித்தாலும் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக ஒரு தலைமுறை அனுபவித்த பிறகு 2013-இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே பழைய போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது என்றால் ஆர்.ஓ.வே நல்லது. ஊரைப் பார்த்துத்தான் தண்ணீர்.

செம்பு, ஆல்கலைன், சோடா

செம்புக் குடத்தில் விஷயம் இருக்கிறது. செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போனதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். நீரில் இறங்கிய செம்பின் அளவும் வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆனால், அதே குடத்தில் எலுமிச்சையையோ மோரையோ ஊற்றினால் புளிப்பு செம்பை அரித்து இறக்கும். வெறும் வயிற்றில் அது போனால் குமட்டல்தான்.

ஆல்கலைன் தண்ணீருக்கு நான் இரண்டு வரிக்கு மேல் செலவழிக்க விரும்பவில்லை. இரைப்பையில் இருக்கும் அமிலம் அந்தக் காரத்தைச் சில நிமிடங்களில் சமன்செய்துவிடும், ரத்தத்தின் பி.எச்.சை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் பிடித்து வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும், லட்ச ரூபாய் மெஷின் அல்ல.

சோடா குடித்தால் விரதம் முறியாது, வயிறுதான் உப்பும். சீரகம், சுக்கு, வெட்டிவேர் போட்ட தண்ணீரில் கலோரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் குமட்டுகிறவர்களுக்கு இன்னும் நாலு மிடறு உள்ளே இறங்கும், அதுவே லாபம்.

இளநீர் எல்லோருக்கும் அல்ல

சஷ்டிக் கொட்டகைகளுக்கு வெளியே இளநீர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். தண்ணீரோடு இளநீர் மட்டும் என்பது பலருடைய விரத முறை. உடம்பு நோக்கில் மோசமான தேர்வு அல்ல. கொஞ்சம் சர்க்கரை, நிறையப் பொட்டாசியம். எடை குறைப்புக்காக விரதம் இருப்பவர்களின் கணக்கில் சர்க்கரை இருப்பதால் விரதம் முறிந்தது; சாமிக்காக இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கவனிக்க வேண்டியது பொட்டாசியம். ஒரு பெரிய தம்ளர் இளநீரில் 500 மி.கி.க்கு மேல் இருக்கலாம். நல்ல சிறுநீரகம் அதைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். ‘இயற்கைதானே, நாலு இளநீர் குடிச்சா என்ன?’ என்பது அவர்களிடம் சொல்லக் கூடாத வாக்கியம். இளநீரில் சோடியம் குறைவு என்பதும் பலருக்குத் தெரியாது. போன உப்பை அது முழுதாக ஈடுகட்டாது. எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு என்ற பாட்டி வைத்தியம் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். விரத முறைப்படி இந்துப்புதான் என்றால் இந்துப்பு.

தண்ணீரே வினையாகும்போது

“தண்ணிதானே, எவ்வளவு குடிச்சா என்ன?” விரதக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது இந்தப் பேச்சுதான்.

சிறுநீரகத்தால் தண்ணீரை மட்டும் தனியே வெளியேற்ற முடியாது. ஒவ்வொரு லிட்டரோடும் கொஞ்சம் உப்பும் யூரியாவும் போயாக வேண்டும். அவை உணவிலிருந்து வருபவை. சாப்பாடு நின்றால் அந்தச் சரக்கு குறையும். தண்ணீரை வெளியேற்றும் திறனும் குறையும். அந்த நேரத்தில் ‘டீடாக்ஸ்’ என்று நாளைக்கு ஐந்தாறு லிட்டரை உள்ளே இறக்கினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். முதலில் தலைவலி, வாந்தி. பிறகு குழப்பமான பேச்சு. முற்றினால் வலிப்பு. இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்ப அறிகுறிகள் அப்படியே ‘விரதக் களைப்பு’ போல இருக்கும். பக்கத்தில் இருப்பவர் அக்கறையாக இன்னொரு சொம்பு தண்ணீரை நீட்டுவார்.

தாகத்துக்குக் குடிப்பது, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பது... பெரும்பாலோருக்கு இந்த அளவுகோல் போதும். நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரிப் போகிறது என்றால் சொம்பைக் கொஞ்சம் கீழே வைக்கலாம்.

நீண்ட விரதக்காரர்கள் ஆதாரமாகக் காட்டும் பெயர் ஆங்கஸ் பார்பியரி. ஸ்காட்லாந்துக்காரர். 1965-66-இல் 382 நாள் உணவே இல்லாமல் இருந்து, 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தவர். ‘வெறும் தண்ணீரிலேயே ஒரு வருஷம்!’ என்று வீடியோக்கள் கூவுகின்றன. டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார், ரத்தப் பரிசோதனைகள் நடந்தன, வைட்டமின் கொடுத்தார்கள், இடையில் பொட்டாசியமும் சோடியமும் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். 1973-இல் மருத்துவ இதழில் வெளியான அறிக்கையில் அத்தனையும் இருக்கிறது.

■ உண்ணாவிரதப் பந்தலில்...
• ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்காக 1956-இல் விருதுநகரில் உட்கார்ந்த சங்கரலிங்கனாரின் உண்ணாவிரதம் 76 நாள் நீடித்தது. 1987-இல் நல்லூரில் தண்ணீரையும் மறுத்த திலீபன் பன்னிரண்டாம் நாள் உயிரிழந்தார்.
• 1929-இல் லாகூர்ச் சிறையில் ஜதின் தாஸ் 63-ஆம் நாளில் இறந்தார். கைதிகளின் விரதத்தைக் குலைக்க, அறைகளில் தண்ணீர்ப் பானைக்குப் பதில் பால் பானையை வைத்தார்கள் என்று அந்தப் போராட்டத்தைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன.
• காந்தி 1943-இல் ஆகாகான் மாளிகையில் 21 நாள் இருந்தபோது, வெறும் தண்ணீர் இறங்காமல் பழச்சாறு கலந்து குடித்தார்.
• மணிப்பூரின் இரோம் ஷர்மிளா உதட்டில் தண்ணீர் படக் கூடாது என்று உலர்ந்த பஞ்சால் பல் துலக்கினார். மூக்கில் செருகிய குழாய் வழியே அரசு அவருக்கு உணவு செலுத்தியது.

மாத்திரையும் விரதமும்

பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் விரதம் இருந்தால், உப்பும் நீரும் இரண்டு வழியில் போகும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு வகை மாத்திரை போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்னும் நுட்பமானவை. விரதத்தோடு சேர்ந்தால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஓரளவு சரியாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். ‘தண்ணி நிறையக் குடிச்சுக்கறேன் டாக்டர்’ என்பது இவற்றில் எதற்கும் பதில் அல்ல. மாத்திரையை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, விரதத்தையே விடுவதா என்பதை விரதத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் ரம்ஜான் நோன்பில் சலுகை உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. சலுகையை எடுத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம்.

நோன்பாளிகளிடம் இன்னொரு பழக்கம்: விடியலுக்கு முந்தைய சஹர் உணவு முடிகிற கடைசி நிமிடத்தில் இரண்டு லிட்டரை மடமடவென்று குடிப்பது. அதில் பெரும்பங்கு விடிந்த கையோடு கழிவறைக்குப் போய்விடும். தயிர், பழம், கஞ்சியோடு இடைவெளி விட்டுக் குடித்த தண்ணீர் மெதுவாகப் போகும். மாலையில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி செய்யும் வேலையை எந்த விளம்பரப் பாட்டிலும் செய்யாது. அரிசி, நீர், உப்பு, மூன்றும் ஒரே கிண்ணத்தில்.

பல நாள் தண்ணீரோடு மட்டும் இருந்தவர்களுக்கு முடிக்கும் நாளில்தான் கண்டம். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் சாப்பிடாதவருக்கு, வழக்கமான தேவையில் பாதிக்கு மேல் கொடுக்காமல் தொடங்குங்கள் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பின் மருத்துவ வழிகாட்டி. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறும் ஆபத்து இருக்கிறது. சஷ்டி ஆறு நாள். ஏழாம் நாள் திருக்கல்யாணம், வடை பாயசத்தோடு விருந்து. தண்ணீரிலேயே ஆறு நாளைத் தள்ளியவர் அன்றைக்குப் பந்தியில் உட்காராமல் கஞ்சியோடு நிற்பது உத்தமம்.

ஆஸ்பத்திரி விரதம்

எந்தச் சாமிக்கும் இல்லாத ஒரு விரதத்தை நாம் எல்லோரும் இருக்கிறோம்: ‘ஃபாஸ்டிங் பிளட் டெஸ்ட்’. லேபில் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ராத்திரி முதல் சொட்டுத் தண்ணீர் குடிக்காதவர்கள். நரம்பு சுருங்கிக் கிடக்கும்; ஊசி போடுகிறவர் இந்தக் கை, அந்தக் கை என்று தட்டித் தட்டித் தேடுவார். சர்க்கரை, கொழுப்புச் சோதனைகளுக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம். குடித்துவிட்டு வருவது நல்லதும்கூட. காபி, எலுமிச்சை, இளநீர்தான் ஆகாது.

ஆபரேஷனுக்கு முன்பும் இதே குழப்பம். மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் குடிக்கலாம் என்று பல நாட்டு மயக்கவியல் வழிகாட்டிகள் சொல்கின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாகும் சர்க்கரை நோயாளிகள் போன்ற சிலருக்கு இது பொருந்தாது. நம் வார்டுகளிலோ, காலை பதினொரு மணி ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பத்து மணியோடு சொம்பைக் கவிழ்த்துவிடுகிறார்கள். “எத்தனை மணிவரைக்கும் தண்ணீர் குடிக்கலாம்?” என்று மயக்க மருந்து டாக்டரிடமே முந்தின நாள் சாயங்காலம் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.